முட்கவச டைனோசரும் அதன் வாழ்க்கையும்

1832-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள டில்கேட் காட்டில், கல்லுடைப்போர் வெடிமருந்து வைத்து ஒரு பாறையைப் பிளந்தனர். சிதறிய துண்டுகள் சிலவற்றில் எலும்புகள் பதிந்திருந்தன. அச்செய்தி, மருத்துவத் தொழிலுக்கு இடையே தொல்லுயிர் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்த கிடியன் மான்டல் என்பவருக்கு எட்டியது. ஏறத்தாழ 50 துண்டுகளை அவர் ஒன்றுசேர்த்துப் பொருத்திப் பார்த்தபோது, அதுவரை எவரும் அறிந்திராத ஓர் ஊர்வனவற்றின் முன்னுடல் புலனாயிற்று. எலும்புகளுக்கிடையே நீண்ட, கூரிய, முக்கோண வடிவான முட்களும் கிடந்தன. அப்பிராணிக்கு அவர் ஹைலியோசாரஸ் எனப் பெயரிட்டார். 1842-இல் ரிச்சர்டு ஓவன் ‘டைனோசர்’ என்னும் பெருவகுப்பை நிறுவியபோது அதற்கு ஆதாரமாகக் கொண்ட மூன்று பிராணிகளுள் இதுவும் ஒன்றாகும்.

அம்முட்கள் உடலில் எங்கே நின்றன? இக்கேள்விக்கு வெடியில் சிதறிய கல்லால் விடை கூற இயலவில்லை. இக்கால இகுவானா ஓணானின் முதுகில் வரிசையாக முட்கள் நிற்பதைக் கண்ட மான்டல், இதன் முட்களும் முதுகுத் தண்டின் மேல் ஒரே வரிசையாக நின்றிருக்கலாம் என எண்ணினார். 1854-இல் லண்டனின் சிடன்காம் பூங்காவில் ஹைலியோசாரஸின் சிலை எழுப்பப்பட்டபோது சிற்பியும் அவ்வாறே அமைத்தார். அச்சிலை இன்றும் அங்கு நிற்கின்றது. ஆயினும் முட்கள் நின்ற இடம் முதுகன்று. கழுத்து, தோள் ஆகியவற்றின் இரு பக்கங்களுமே என்பது பின்னர்க் கிடைத்த சான்றுகளால் தெளிவாயிற்று.

கவச டைனோசர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இத்தகைய இடர்ப்பாடு மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளது. அவற்றின் தகடுகளும் முட்களும் எலும்புக்கூட்டோடு மூட்டுக்களால் பிணைக்கப்பட்டவை அல்ல, தோலினுள் பதிந்திருந்தவை. இறந்தபின் தோல் அழுகியவுடன் அவை கழன்று நாற்புறமும் சிதறிவிடும். எஞ்சிய சில தகடுகளைக் கொண்டு பிராணியின் முழு உருவத்தை வகுப்பது, உதிர்ந்த ஓடுகளைக் கொண்டு இடிந்த வீட்டின் கூரையை வகுப்பது போன்றதே. எனவே, கவசம் கலையாமல், தோலோடு கிடைத்த ஓர் உடலுக்கு இத்துறையில் பெருமதிப்பு உண்டு. அத்தகைய உடலொன்று 2011-இல் கிடைத்தது.

எண்ணெய் மணற் சுரங்கத்தில் ஒரு கல்

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், போர்ட் மக்மரி நகருக்கு வடக்கே, எண்ணெய் கலந்த மணலைத் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள், அங்கு மண்வாரி இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், இயந்திரத்தின் வாளி வழக்கத்தைவிடக் கடினமான பொருளொன்றில் இடிப்பதை உணர்ந்தார். சரிந்து விழுந்த கற்களின் நிறமும் சுற்றியுள்ள பாறையின் நிறமும் வேறாயிருந்தன. ஒரு கல்லின் குறுக்கே வரிசை வரிசையாகப் பழுப்பு வட்டங்கள் தெரிந்தன. அவர் இயந்திரத்தை நிறுத்தி மேற்பார்வையாளருக்குக் காட்டினார். சில வினாடிகளில் எடுக்கப்பட்ட இம்முடிவினால்தான் அவ்வுடல் காப்பாற்றப்பட்டது.

டிரம்ஹெல்லர் என்னும் ஊரிலுள்ள ராயல் டைரல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டொனால்டு ஹெண்டர்சனும் அவருடைய துணைவரும் இரண்டு நாட்களில் அவ்விடத்தை அடைந்தனர். அங்குள்ள பாறை பண்டைக் கடலின் அடியில் படிந்தது. ஆதலால் கடல்வாழ் ஊர்வனவற்றின் எலும்பையே அவர்கள் எதிர்பார்த்துச் சென்றனர். ஆனால் அவர்கள் கண்டதோ நிலத்தில் வாழ்ந்த கவச டைனோசர். உடலின் பெரும்பகுதி செங்குத்தான சுரங்கச் சுவரின் உயரத்தில் இன்னும் புதைந்திருந்தது. அதனைச் சுற்றி வெட்டி எடுக்கப் பதினான்கு நாட்கள் ஆயின. ஏறத்தாழ 7 டன் எடையுள்ள பெருங்கல்லை இறுதியில் தூக்கியபோது, அது தன் பளுவைத் தானே தாங்காமல் பிளந்து வீழ்ந்தது. துண்டுகளைப் பாரிஸ் சாந்தில் பொதிந்து, ஏறத்தாழ 680 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அருங்காட்சியகத்திற்கு எடுத்துச் சென்றனர்.

இங்கிலாந்தில் உடைந்த பாறையைப் போலவே இதுவும் உடைந்ததே. எனினும் நிலைமை வேறு. இங்கே ஒவ்வொரு துண்டும் எவ்விடத்தில் இருந்தது என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். மார்க் மிட்செல் என்னும் தொழில்நுட்பப் பணியாளர், சிறு ஊசிக் கருவிகளால் கல்லைத் துகள் துகளாக அகற்றி உடலை வெளிப்படுத்தினார். இப்பணிக்கு ஐந்தாண்டுகளுக்கு மேலும், ஏறத்தாழ 7,000 மணி நேரமும் செலவாயின. 2017-இல் அப்பிராணி பொரியலோபெல்டா மார்க்மிட்செலி எனப் பெயர் பெற்றது. முதற்சொல் ‘வடதிசைக் கேடயம்’ எனப் பொருள்படும். இரண்டாம் சொல் அப்பணியாளரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இனப்பெயர்கள் பெரும்பாலும் கண்டெடுத்தவர்களையோ பேராசிரியர்களையோ போற்றும் வழக்கில், கல்லைச் செதுக்கியவரைப் போற்றியது பொருத்தமே எனலாம்.

கவசத்தின் அமைப்பு

கவச டைனோசர்களில் இரு பெருங்குடும்பங்கள் உண்டு. அங்கைலோசாரஸ் முதலியன ஒரு குடும்பம். இவற்றுள் பிற்காலத்தவற்றின் வால் நுனியில் எலும்பாலான கனத்த குண்டாந்தடி இருந்தது. நோடோசாரஸ் முதலியன மற்றொரு குடும்பம். இவற்றிற்கு வால் தடி இல்லை. மாறாக, கழுத்திலும் தோளிலும் நீண்ட முட்கள் இருந்தன. பொரியலோபெல்டா இரண்டாம் குடும்பத்தைச் சார்ந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதியில் அது வாழ்ந்தது. முகவாய் முதல் இடுப்பு வரையுள்ள பகுதி கிடைத்துள்ளது. அதனைக் கொண்டு, முழு நீளம் ஏறத்தாழ 5.5 மீட்டர் என்றும், எடை ஏறத்தாழ 1,300 கிலோகிராம், அதாவது வளர்ந்த எருமைகள் இரண்டின் எடை, என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. கால்கள் குட்டையானவை; உடல் அகன்று தாழ்ந்தது.

கழுத்தின் குறுக்கே பட்டை பட்டையாகத் தகடுகள் அமைந்துள்ளன. முதுகிலும் அவ்வாறே குறுக்கு வரிசைகள் காணப்படுகின்றன. பெருந்தகடுகளுக்கு இடையே உள்ள இடத்தைச் சிறு செதில்கள் நிரப்புகின்றன. இதனால் கவசம் இறுகிய பெட்டியாகாமல், உடல் வளைவதற்கு இடங்கொடுத்தது. பக்கங்களில் முட்கள் நீள்கின்றன. யாவற்றினும் பெரியது தோளின்மேல் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் ஒரு சோடி முட்களாகும். அவற்றின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். மான்டலைத் திகைக்க வைத்த வினாவுக்கு இங்கே கண்ணால் காணத்தக்க விடை கிடைக்கின்றது.

இப்பிராணியில் எலும்புத் தகடு மட்டுமன்றி, அதன்மேல் உறையாக அமைந்திருந்த கெரட்டின் என்னும் கொம்புப் பொருளும் எஞ்சியுள்ளது. இதனை மாணவர்களுக்கு விளக்க மாட்டுக் கொம்பே போதும். மாட்டுக் கொம்பின் உட்பகுதி எலும்பு, வெளியுறை கெரட்டின். உறையைக் கழற்றினால் உள்ளே தெரியும் எலும்பு, கொம்பைவிடக் குட்டையாகவும் மழுங்கியும் இருக்கும். பிற கவச டைனோசர்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த உள்ளெலும்பு மட்டுமே. அவை உயிரோடிருந்தபோது இருந்த முட்கள், அருங்காட்சியகத்தில் காணும் முட்களைவிட நீளமானவை என்பது பொரியலோபெல்டாவால் உறுதியாயிற்று. முதலையின் முதுகிலும் தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் உண்டு. எறும்புதின்னியாகிய அழுங்கின் செதில்களோ முழுவதும் கெரட்டினே. அவற்றினுள் எலும்பு இல்லை. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

முட்கள் எதற்காக? பகையை விலக்குவதற்கு என்பதே உடனே தோன்றும் விடை. ஆனால் தகடுகளையும் உறைகளையும் அளந்து பார்த்ததில், கழுத்திலும் தோளிலும் உள்ள முட்கள், மற்றத் தகடுகள் வளரும் விகிதத்தை மீறி மிகையாக நீண்டிருப்பது தெரிந்தது. மான்களின் கொம்பும் இவ்வாறே மிகையாக வளர்வது. அதன் முதற்பயன் தன் இனத்தாருக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதும், போட்டியிடுவதுமாகும். மொராக்கோ நாட்டில் கிடைத்த ஸ்பைகோமெல்லஸ் என்னும் பிராணியும் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. 2021-இல் முட்கள் ஒட்டிய ஒரே ஒரு விலா எலும்பைக் கொண்டு பெயரிடப்பட்ட அது, 2025-இல் வெளியான விவரங்களின்படி, கழுத்தைச் சுற்றி 87 சென்டிமீட்டர் வரை நீண்ட முட்களைத் தாங்கியிருந்தது. தற்காப்புக்கு மட்டுமே இவ்வளவு நீளம் வேண்டுவதில்லை. அங்கைலோசாரஸ் குடும்பத்தைச் சார்ந்த சூல் என்னும் பிராணியின் இடுப்பின் இருபக்கத்திலும் தகடுகள் உடைந்து ஆறிய அடையாளங்கள் உள்ளன. வேட்டை விலங்கின் பற்கள் ஏற்படுத்தியவையாக அவை தோன்றவில்லை. தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றின் வால் தடியால் பட்ட அடி என்றே 2022-இல் ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். ஆயுதம் ஒன்றுதான், பயன் இரண்டு எனக் கொள்வதே ஏற்புடையது.

இறுதி உணவு

டைனோசர்கள் எவற்றை உண்டன என்பதைப் பல்லின் அமைப்பைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்கின்றனர். கவச டைனோசர்களின் பற்கள் சிறியவை, இலை வடிவானவை. வாயின் முன்புறம் அலகு போன்றது. மென்மையான தாழ்ந்த தாவரங்களைக் கொய்து உண்டிருக்கும் என்பது பொதுவான கருத்து. ஆனால் பொரியலோபெல்டாவில் ஊகத்திற்கு இடமில்லாமல் இரைப்பையே கிடைத்தது. வயிற்றுப் பகுதியில் கால்பந்து அளவினதான ஒரு திரளை அறுத்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்பெருக்கியின்கீழ் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் முடிவுகள் 2020-இல் வெளியாயின.

திரளில் காணப்பட்ட தாவரப் பொருளில் 88 சதவீதம் இலைகள்; 7 சதவீதம் தண்டும் சுள்ளியும். இலைகளில் மிகப்பெரும்பாலானவை பெரணி இனத்தவை. சைக்கஸ் வகை இலைகள் சிறிதளவே இருந்தன. ஊசியிலை மரங்களின் இலைகள் மிக அற்பம். இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. அக்காலத்து ஆல்பர்ட்டாவில் ஊசியிலை மரங்களும், குதிரைவால் செடிகளும் மிகுதியாக இருந்தன என்பது பிற பாறைகளிலுள்ள இலைப் பதிவுகளால் அறியப்படுகின்றது. எளிதில் கிடைப்பவற்றை ஒதுக்கி, பெரணியையே அது நாடியிருக்கின்றது. பெரணிகளிலும் சிலவற்றையே தேர்ந்துகொண்டிருக்கின்றது. கண்டதையெல்லாம் வாரி விழுங்கும் மந்தப் பிராணியாகக் கவச டைனோசரைச் சித்திரிக்கும் வழக்கம் இனிப் பொருந்தாது.

இரைப்பைத் திரளில் கரித் துண்டுகளும் இருந்தன. அளவு ஏறத்தாழ 6 சதவீதம். தீப்பட்ட நிலத்தில் அது மேய்ந்திருக்க வேண்டும். காட்டுத்தீ அணைந்த இடத்தில் முதலில் தளிர்க்கும் செடிகளுள் பெரணியும் ஒன்று என்பதை மலைக்காடுகளில் பணியாற்றுவோர் நன்கறிவர். அத்தளிர்கள் தாழ்ந்து வளர்பவை. தலை தாழ்ந்த இப்பிராணிக்கு எட்டக்கூடியவை. முதிர்ந்த இலைகளைவிடச் சத்து மிக்கவை. மேயும்போது தரையிலிருந்த கரியும் கூடவே வயிற்றுக்குள் சென்றிருக்கின்றது. திரளில் சிறு கற்களும் காணப்பட்டன. கோழி முதலிய பறவைகள் இரைப்பையில் கல் வைத்து உணவை அரைப்பதைப் போலவே, மெல்லும் பற்கள் இல்லாத இப்பிராணியும் கற்களின் துணையை நாடியிருக்கின்றது.

இறந்த பருவங்கூட இத்திரளிலிருந்து தெரிகின்றது. சுள்ளிகளின் ஆண்டு வளையத்தில் இறுதி வளையம் பாதியளவே வளர்ந்துள்ளது. பெரணி இலைகளின் வித்துப்பைகள் முதிர்ந்த நிலையில் உள்ளன. வசந்தத்தின் இறுதிக்கும் கோடையின் நடுவுக்கும் இடையே, உண்ட சில மணி நேரத்திற்குள் அது இறந்திருக்கலாம். இஃது ஒரு பிராணியின் ஒரு வேளை உணவே என்பதை மறக்கலாகாது. ஆண்டு முழுவதும் பெரணியையே உண்டு வாழ்ந்தது என இதனைக்கொண்டு முடிவு கட்ட இயலாது.

நிறமும் பகைவரும்

தோலின் மீது படலமாக எஞ்சியிருந்த கரிமப் பொருளை இரசாயன முறையில் ஆராய்ந்தபோது, செந்நிறக் கூந்தலுக்கு நிறம் தரும் நிறமியின் சிதைவுப் பொருள்கள் கிடைத்தன. முதுகில் செம்பழுப்பு நிறமும், விலாவை நோக்கிச் செல்லச் செல்ல நிறம் குறைந்து வெளிறிய அமைப்பும் இருந்திருக்கும் என ஆராய்ச்சியாளர் கருதினர். புள்ளிமானின் முதுகு பழுப்பாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பதை ஒத்தது இது. மேலிருந்து விழும் ஒளியில் முதுகு வெளுத்தும் வயிறு நிழலாலும் தெரியும். இந்நிற அமைப்பு அவ்வேறுபாட்டைக் குறைத்து, உருவத்தைச் சூழலில் மறைக்கின்றது. இவ்வளவு தொன்மையான கல்லில் இரசாயனச் சான்றை முழுதும் நம்பலாமா என ஐயுறுவோரும் உளர்.

அக்கருத்துச் சரியெனில் அதிலிருந்து பெறப்படுவது வியப்பானது. யானை, காண்டாமிருகம் போன்ற பெரும்பிராணிகளுக்கு இத்தகைய மறைப்பு நிறம் இல்லை. வளர்ந்த யானையை வேட்டையாடத் துணியும் விலங்கும் இல்லை. 1,300 கிலோகிராம் எடையும், தலைமுதல் இடுப்புவரை கவசமும், அரை மீட்டர் முட்களும் கொண்ட ஒரு பிராணி, இவையனைத்தும் இருந்தும் ஒளிந்து வாழ வேண்டியிருந்தது. அக்காலத்து வட அமெரிக்காவில் அக்ரோகாந்தோசாரஸ் போன்ற மாபெரும் ஊனுண்ணிகள் கண்ணால் கண்டு வேட்டையாடித் திரிந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

நிலத்தில் வாழ்ந்த உடல் கடலடிக்குச் சென்றது எவ்வாறு? ஆற்று வெள்ளத்தாலோ பிறவாறோ நீரிற் சேர்ந்த பிணம், உள்ளே வாயு நிரம்பி உப்பி, மிதந்து கடலுக்குச் சென்றது. முதுகில் கவசத்தின் பளு மிகுதியாதலால், மிதக்கும்போதே முதுகு கீழாகப் புரண்டது. வாயு வெளியேறியவுடன் மூழ்கி, மல்லாந்த நிலையில் சேற்றில் விழுந்தது; விழுந்த வேகத்தில் அடிச்சேறு நசுங்கிய அடையாளம் பாறையில் உள்ளது. பின்னர் சைடரைட் என்னும் இரும்புக் கனிமம் விரைவில் அதனைச் சூழ்ந்து இறுகிக் கற்பேழையாயிற்று. ஆல்பர்ட்டாவில் கிடைத்த கவச டைனோசர்களில் பெரும்பாலானவை மல்லாந்தே கிடந்தன. சாலையில் அடிபட்டு இறக்கும் அர்மடில்லோ என்னும் ஓட்டுப்பிராணிகள் உப்பி மல்லாந்து விடுகின்றன என்றும், கவச டைனோசர்களும் நிலத்திலேயே அவ்வாறு புரண்டிருக்கலாம் என்றும் சிலர் கூறிவந்தனர். 2018-இல் ஆராய்ச்சியாளர் சாலைகளில் இறந்துகிடந்த அர்மடில்லோக்களைப் பொறுமையுடன் எண்ணிப் பார்த்து, அவை அவ்வாறு மல்லாந்து கிடப்பதில்லை எனக் கண்டு அக்கருத்தைத் தள்ளினர். நீரில் மிதந்து புரண்டது என்பதே நிலைத்தது.

இந்தியாவில் நேர்ந்த ஒரு பிழை

கவசத் தகடுகள் இடம்பெயர்ந்தால் விளையும் குழப்பத்திற்கு இந்தியாவிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. ஜபல்பூர் நகரையடுத்த பாரா சிம்லா குன்றில், லமேட்டா பாறைகளிலிருந்து சார்லஸ் மேட்லி என்பவர் தோண்டி எடுத்த இடுப்பெலும்புகள், கால் எலும்பு, எலும்புத் தகடுகள் ஆகியவை ஒரே பிராணிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. லமேட்டாசாரஸ் இண்டிகஸ் என்னும் பெயரில் இந்தியாவின் கவச டைனோசராக அது 1920-களில் அறிவிக்கப்பட்டது. 1935-இல் சக்கரவர்த்தி என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் அது கவச டைனோசர்தானா என வினா எழுப்பினார். இடுப்பும் காலும் இருகால்களால் நடந்த ஊனுண்ணி ஒன்றின் எலும்புகள் என்றும், தகடுகள் நீண்ட கழுத்துடைய பெருந்தாவர உண்ணி ஒன்றின் தோலில் இருந்தவை என்றும் பின்னர் விளங்கியது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தமையால் மட்டும் இரு பிராணிகள் ஒன்றாக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரெட்டேஷியஸ் பாறைகளிலிருந்து 1979-இல் விவரிக்கப்பட்ட திராவிடோசாரஸின் வரலாறும் இத்தகையதே. கவச டைனோசர்களுக்கு நெருங்கிய உறவான முதுகுத்தகட்டு டைனோசர் என அது கூறப்பட்டது. 1990-களில் அது கடல்வாழ் ஊர்வனவற்றின் எலும்பே என மறுக்கப்பட்டது. அம்மறுப்பை ஏற்காதோரும் உளர்.

ஆகவே, குவாரி, கிணறு, கால்வாய், சாலை ஆகியவற்றை வெட்டும் இடங்களில் எலும்பு போன்ற கல்லோ, சுற்றுப்புறத்தினின்று நிறம் வேறுபட்ட உருண்டைக் கல்லோ தென்பட்டால், களப்பணியாளர் வேலையை அவ்விடத்தில் நிறுத்தச் செய்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் அருகிலுள்ள அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். பாறையில் பதிந்திருப்பதைப் பெயர்த்தெடுக்க முயலலாகாது. அளவுகோல் ஒன்றை அருகே வைத்து நிழற்படம் எடுத்து, எந்த அடுக்கில், தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில், எத்திசை நோக்கிக் கிடந்தது என்பனவற்றை அன்றே எழுதி வைத்தல் நன்று. ஏற்கெனவே கழன்று விழுந்த துண்டுகளுக்குத் தனித்தனியே எண்ணிட்டு, விழுந்த இடத்தையும் குறித்து, தனித்தனியே பொதிய வேண்டும். வெவ்வேறு இடங்களில் கிடைத்தவற்றை ஒரே சாக்கில் இடலாகாது.